வாடாமல்லி கலர் ஸ்டாக் இல்லை

சிதம்பரநாதனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்க வந்தவர்கள் வேறு ஆளைப் பார்க்கலாம். அந்த வேலைக்குக் காரைக்காலில் ஆள் பஞ்சம் கிடையாது. நான் அவர் கடையில் பத்தொன்பது வருஷம் நின்றவள். வேலை பார்த்தவள் என்றுதான் எழுத வேண்டும், தெரியும். ஆனால் பார்த்த வேலை மறந்துபோகும், நின்றது மறக்காது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே புடைத்துச் சுருண்டு கிடக்கிற நரம்பு அதைத் தினமும் ஞாபகப்படுத்துகிறது.

என் பெயர் மங்கையர்க்கரசி. அவ்வளவு நீளமாகக் கூப்பிட யாருக்கும் பொறுமை இல்லாததால் கடையில் அரசி. கோட்டுச்சேரியில் எட்டரை மணி பஸ் ஏறி டவுனில் இறங்கினால் பாரதியார் வீதியில் ராஜம் ஜவுளி மஹால். நாலு மாடி. மூன்றாவது மாடியில் பட்டுச்சேலை. அதுதான் என் ராஜாங்கம். சிம்மாசனம் மட்டும் கிடையாது.

அவர் வளர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். தேர்தலுக்கு வீடு வீடாகக் கொடுத்த வழவழப்பான புத்தகத்தில் அதைப் பதினாறு பக்கம் போட்டிருந்தார்கள். முதல் பக்கம் மட்டும் உண்மை. அவர் தள்ளுவண்டியில்தான் ஆரம்பித்தார். திருநள்ளாற்றுக்குச் சனிக்கிழமை வருகிறவர்கள் குளத்தில் முழுகிவிட்டுக் கட்டியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள் அல்லவா? நல்ல வேட்டியை விட யாருக்கு மனசு வரும்? விட்டுவிட்டு வருவதற்கென்றே கொசுவலை மாதிரி ஒரு வேட்டி தருவித்து விற்றார் சிதம்பரநாதன். குளத்துக்குப் போகிற வரைக்கும் இடுப்பில் நின்றால் போதும். அது தப்பு இல்லை, புத்திசாலித்தனம். ஆனால் ஒருதடவை உபயோகித்துவிட்டு விட்டுவிடலாம் என்பதை அவர் அங்கேதான் கற்றுக்கொண்டார். துணியோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வண்டி கடையாகி, கடை மாடியானது. அப்போதெல்லாம் நம் பக்கத்தில் வரி கம்மி என்று நாகப்பட்டினத்திலிருந்தும் தரங்கம்பாடியிலிருந்தும் கல்யாண ஜவுளிக்கு வேன் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவர் நகரும் படிக்கட்டு வைத்தார். அதில் ஏறி இறங்குவதற்காகவே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். கடை ஆட்கள் மட்டும் பின்பக்கத்துப் படியில் ஏற வேண்டும். பிறகு கோட்டுச்சேரியில் ஒரு சூப்பர் மார்க்கெட் போட்டார். எங்கள் தெருவில் நாலு மளிகைக்கடை இருந்தது, இப்போது ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு மரச்சாமான் கடை. சோபா, கட்டில், சாப்பாட்டு மேஜை, ஸ்டூல். அங்கேயும் பெண்கள்தான் வேலைக்கு. நாள் முழுக்க நின்றுகொண்டு நாற்காலி விற்றார்கள்.

எல்லாம் சேர்ந்ததும் அவருக்கு சட்டசபை ஆசை வந்தது. முதலில் ஒரு கட்சி, சீட்டு கொடுக்கவில்லை. அடுத்து ஒரு கட்சி, கொடுப்பதாகச் சொல்லி வேறு ஆளுக்குக் கொடுத்தது. மூன்றாவது கட்சி கொடுத்தது. ஜவுளிக்காரருக்குத் தோளில் துண்டு மாற்றுவது என்ன பெரிய காரியம், கடையிலேயே எல்லாக் கரையிலும் இருக்கிறது. முதல் பொதுக்கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, 'என் உயிரினும் மேலான வாடிக்கையாளப் பெருமக்களே' என்று ஆரம்பித்தார். வாக்காளர் என்று சொல்ல வேண்டிய இடம். கூட்டம் சிரித்தது, கை தட்டியது. வெள்ளந்தியான மனுஷர் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வாயிலிருந்து உண்மை தவறிப்போய் விழுந்ததை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

இப்போது உட்காருகிற விஷயத்துக்கு வருகிறேன். ஏனென்றால் கதையே அதுதான்.

ராஜம் ஜவுளி மஹாலில் உட்காருவது வாடிக்கையாளர் மட்டும். அவர்களுக்கு மெத்தை போட்ட திண்டு, மோர், ஏசி. நாங்கள் காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம், அதுவும் முறை வைத்து. மாடி மேனேஜர் ஹரிஹரன் தினமும் காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி ஒரு பாடம் எடுப்பார். "கஸ்டமர உக்காருங்கன்னு சொல்ற வாயி நின்னுக்கிட்டுதான் சொல்லணும். உக்காருங்கங்கற சத்தம் காதுல விழுந்தா நீங்க எந்திரிக்கணும். புரியுதா?" புரிந்தது. நாளடைவில் காதுக்குப் புரிந்து காலுக்கும் புரிந்துவிட்டது. என் வீட்டில் யாராவது வந்து, என் அண்ணன் அவர்களை "உக்காருங்க" என்று சொன்னால், சாப்பிட்டுக்கொண்டிருக்கிற நான் எழுந்து நிற்பேன். அண்ணன் பெண்டாட்டி சிரிப்பாள். உட்கார்ந்து மாட்டிக்கொண்டால் தண்டனை, வாசல் வணக்கம். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாள் முழுக்கக் கை கூப்பி நிற்க வேண்டும், வெயில் கண்ணாடி வழியாக முகத்தில் அடிக்க.

ஆனால் நாற்பது பெண்களை நிற்க வைத்தால் நாற்பது பேருக்கும் மூளை நின்றுவிடும் என்று முதலாளி நினைத்தது தப்பு. மூன்றாவது மாடியில் பெரிய தூண் ஒன்று உண்டு. அதற்குப் பின்னால் கேமரா பார்க்காது. அங்கே சேலை மூட்டைகள் கிடக்கும். முதலாளியும் ஹரிஹரனும் மாடியில் இல்லாதபோது, படிக்கட்டைப் பார்க்கிற இடத்தில் நிற்கிறவள் குரல் கொடுப்பாள்: "வாடாமல்லி ஒண்ணு எடு." உடனே ரெண்டு பேர் தூணுக்குப் பின்னால் போய் மூட்டையில் உட்காருவார்கள். ஆள் வந்துவிட்டால், "மயில்கழுத்து எடு." எழுந்துவிடுவார்கள். கேட்கிறவர்களுக்குச் சேலைக் கலர், எங்களுக்கு உயிர்.

வாடாமல்லியை ஏன் பிடித்தோம் என்றால், அந்தக் கலர் எங்கள் கடையிலேயே கிடையாது. ரொம்ப காலத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் போன வாடாமல்லிப் பட்டு, மணமேடையில் பெண்ணின் கழுத்தெல்லாம் சாயத்தை இறக்கிவிட்டது. பெண் வீட்டார் வேனோடு வந்து கடை வாசலில் நின்றார்கள். அன்றிலிருந்து அந்தக் கலரை உள்ளே விடக் கூடாது என்று சிதம்பரநாதன் உத்தரவு. அவர் வெறுத்த கலரில்தான் நாங்கள் உட்கார்ந்தோம்.

ஒரே ஒருத்தி மட்டும் எங்களை மாட்டிவிடப் பார்த்தாள். திருவேட்டக்குடி பவுனம்மாள். மீன் வியாபாரம், மூன்று மகள்கள், மூன்று பேருக்கும் கல்யாணப் பட்டு என்னிடம்தான் எடுத்தாள். கடைசி மகளுக்குச் சேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேஜையில் நிற்கிற தாமரைச்செல்வி "வாடாமல்லி ஒண்ணு எடு" என்று குரல் கொடுத்துவிட்டாள்.

"அந்த வாடாமல்லிய கொண்டாடி பாப்போம்" என்றாள் பவுனம்மாள்.

"ஸ்டாக் இல்லைங்கம்மா."

"இப்பதான அந்தப் புள்ள எடுக்கச் சொல்லுச்சு?"

"அது வேற ஆளு சொல்லிவச்சதுங்க. சத்தியமா இல்லைங்கம்மா."

"எனக்குன்னா மட்டும் இருக்காதே" என்று முனகிக்கொண்டே மாம்பழக் கலரை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் எப்போது வந்தாலும் முதல் கேள்வி அதுதான். வாடாமல்லி வந்துச்சா?

போன மாசி மாசம் எங்கள் மாடியில் நிற்கிற காவ்யாவுக்கு ஆறாவது மாசம் நடந்துகொண்டிருந்தது. அவளும் திருவேட்டக்குடிதான். புருஷன் ராஜா விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். அவளுக்குக் கணுக்கால் வீங்கி, மத்தியானமானால் செருப்பு நுழையாது. அன்றைக்குப் படிக்கட்டைப் பார்க்கிற முறை என்னுடையது. நான்தான் "வாடாமல்லி எடு" என்றேன். அவள் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாணக் கோஷ்டி, பதினோரு பேர், என் மேஜையில் சேலைகளைப் பிரித்துப் போட்டு ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அரக்கையும் பச்சையையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். சிதம்பரநாதன் எப்போதும் லிஃப்டில் வருவார். அன்றைக்கு நகரும் படியில் வந்தார். அவர் தலை தெரிந்தது, தோள் தெரிந்தது. நான் பார்த்தேன். வாயில் பச்சைதான் வந்தது, மயில்கழுத்து வரவில்லை. அந்த வார்த்தை வந்தபோது அவர் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"மூட்ட மேல உக்காந்தா பட்டு நலுங்காதா?" என்றார். சத்தம் போடவில்லை. அவர் எப்போதும் சத்தம் போடமாட்டார். "வயித்துல புள்ளயோட கஷ்டப்பட வேணாம். வீட்ல போயி நல்லா உக்காந்துக்க."

அவ்வளவுதான். வேலை போயிற்று. அந்தப் பதினோரு பேரில் யாரோ ஒருத்தி போனில் அதை எடுத்திருந்தாள். ராத்திரிக்குள் காரைக்கால் முழுக்கச் சுற்றியது. எதிர்க்கட்சிக்காரர்களுக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. உட்கார விடாதவருக்கு நாற்காலியா என்று சுவரெல்லாம் ஒட்டினார்கள்.

மூன்றாம் நாள் அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் சுழல் நாற்காலியில், எதிரே ரெண்டு நாற்காலி காலியாக. நான் நின்றேன். அவருக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

"அரசி, நீ பழைய ஆளு. ஜனங்களுக்கு உன்னையத் தெரியும். வெள்ளிக்கெழம கோட்டுச்சேரில கூட்டம். நீ மேடைக்கு வந்து ஒரு ரெண்டு நிமிஷம் பேசணும். எங்க எல்லாருக்கும் ஸ்டூல் இருக்கு, எப்பவும் இருந்துச்சு, முதலாளி எங்கள உக்கார வச்சுதான் வேல வாங்குறாருன்னு. எழுதித் தந்துருவாங்க."

"ஸ்டூல் எங்க சார் இருக்கு?"

"நாளைக்கி வரும்."

அவர் பேனாவைத் திறந்து எதிலோ கையெழுத்துப் போட்டார்.

"காவ்யாவத் திரும்ப எடுத்துக்கறேன். பிரசவத்துக்குச் சம்பளத்தோட லீவு. புள்ள பொறந்தப்புறமும் வரலாம். நீ பேசுனா." பேனாவை மூடினார். "தடைக்காலம் வருதுல்ல, அவ புருஷனுக்கும் வேல இருக்காது."

அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது. சித்திரை பிறந்தால் ரெண்டு மாசம் விசைப்படகு கடலுக்குப் போகாது. ராஜா கரையில் வலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்த ரெண்டு மாசத்துக்குப் பின்னாலேயே பிரசவம். ஒரு வார்த்தையை நேரத்துக்குச் சொல்லாமல் அவள் வயிற்றில் அடித்தவள் நான். ஒரு பொய்யைச் சொல்லி அதைத் திருப்பித் தரலாம் என்றால் என் கௌரவம் என்ன பெரிய கௌரவம்? சரி என்று சொன்னேன். படி இறங்கும்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஸ்டூல் வந்தது. அவருடைய மரச்சாமான் கடையிலிருந்து நாற்பது, பாலிதீன் உறை பிரிக்காமல். ஆளுக்கு ஒன்றில் உட்கார்ந்து சிரிக்கச் சொன்னார்கள். போட்டோ எடுத்தார்கள். "கவரு கிழியாம எந்திரிங்க" என்றார் ஹரிஹரன். சாயங்காலம் நாற்பதும் திரும்ப வேனில் ஏறிக் கடைக்குப் போயின, புதுசாகவே விற்க.

வெள்ளிக்கிழமை மாலை கோட்டுச்சேரியில் கூட்டம். எங்கள் ஊர்தான், எனக்கு முகம் தெரியாத ஆள் அங்கே கம்மி. கடைக்கு அன்று அரைநாள் விட்டு, நாற்பது பேரையும் இளநீல யூனிஃபார்ம் சேலையில் கொண்டுவந்து முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார வைத்திருந்தார்கள். நடுவில் காவ்யா. அவளையும் யூனிஃபார்ம் கட்ட வைத்துக் காரில் கூட்டி வந்திருந்தார்கள். பக்கவாட்டில் பெண்கள் பக்கம், பவுனம்மாள் நாலைந்து பேரோடு வந்திருந்தாள். டிவிக்காரர்கள் கேமராவை முன்வரிசைக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். அதற்காகத்தானே இவ்வளவும். நான் மேடையில் ஓரமாக, கையில் அவர்கள் எழுதிக் கொடுத்த தாளோடு.

சிதம்பரநாதன் மேடை ஏறினார். நாற்பது பேரும் எழுந்தார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை, தலைவர் வந்தால் எல்லோரும்தான் எழுவார்கள். அவர் கை கூப்பினார், மாலை வாங்கினார், மைக்குக்கு வந்தார்.

"உக்காருங்க" என்றார்.

கூட்டம் உட்கார்ந்தது. முன்வரிசை உட்காரவில்லை.

"உக்காருங்கம்மா. என் கடைப் புள்ளைங்க, மரியாதை தெரிஞ்ச புள்ளைங்க. உக்காருங்க."

நாற்பது பேரும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். நான் மேடையிலிருந்து பார்த்தேன். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். சிலர் முகத்தில் பயமே தெரிந்தது. உட்கார வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிகிறது, முட்டி மடங்கவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்தால் எழுந்து நிற்பது என்று வருஷக்கணக்காகப் பழக்கி வைத்திருக்கிறார்கள். தாமரைச்செல்வியின் கை சேலையைப் பிரித்துக் காட்டப் போகிற மாதிரி முன்னால் நீண்டுவிட்டு, மேஜை இல்லாததால் திரும்பியது. நான் மேடையில் இருந்ததால் தப்பித்தேன், ஏற்கனவே நின்றுகொண்டுதானே இருந்தேன்.

பின்னாலிருந்து ஒருத்தர், "மறைக்குதும்மா, உக்காருங்க" என்றார். அவர்கள் திரும்பி அவரைப் பார்த்தும் நின்றார்கள். சிரிப்பு ஒரு மூலையில் ஆரம்பித்தது. "கடையில உக்கார வச்சிருந்தாதான இங்க உக்காரத் தெரியும்" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு மேடை வரைக்கும் வந்தது. கேமரா முன்வரிசையை விட்டு நகரவில்லை.

சிதம்பரநாதன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"உக்கார வை. இல்லன்னா அந்தப் பொண்ண மறந்துடு."

நான் காவ்யாவைப் பார்த்தேன். வீங்கிய காலை ஒன்று மாற்றி ஒன்றாக ஊன்றிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் கொடுத்துக்கொண்டு அவளும் நின்றாள். வேலையை விட்டு நிறுத்தி ஒரு வாரம் ஆகப்போகிறது, இன்னும் அவருக்காக நிற்கிறாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அந்த ஆள் மேலே எவ்வளவோ அவ்வளவு என் மேலேயும்.

மைக்கை என் பக்கம் இழுத்தேன்.

"வாடாமல்லி ஒண்ணு எடுங்கம்மா" என்றேன்.

நாற்பது பேரும் ஒரே மூச்சில் உட்கார்ந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் ஒன்றாகச் சத்தம் போட்டன. காவ்யா கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தாள்.

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. சிதம்பரநாதனுக்கும் புரியவில்லை, ஆனால் உயிர் வந்துவிட்டது. "பாத்தீங்களா, எங்க குடும்பத்துப் பாசத்த" என்று ஆரம்பித்தார். கட்சிக்காரர்கள் கை தட்டினார்கள். அவ்வளவோடு முடிந்திருக்கும். நான் தாளைப் படித்திருப்பேன், காவ்யாவுக்கு வேலை கிடைத்திருக்கும், இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

"யே அரசி."

மைக் இல்லாத குரல். ஏலத்தில் கூவிப் பழகிய தொண்டைக்கு மைக் எதற்கு? பவுனம்மாள் இடுப்பில் கை வைத்து எழுந்து நின்றாள்.

"வாடாமல்லி ஸ்டாக் இல்லன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணுனியேடி. இப்ப இவளுவளுக்கு மட்டும் எங்கேருந்துடி வந்துச்சு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிதம்பரநாதனும் சிரித்துக்கொண்டே, கடைக்காரர் பழக்கம் விடுமா, "அம்மா, நம்ம கடையில வாடாமல்லி வைக்கறதே இல்லைங்க" என்று பதில் சொன்னார்.

"அப்ப இவ என்னத்த எடுக்கச் சொன்னா?"

அவர் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் அவருக்கு லேசாக விளங்க ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். எத்தனை வருஷம் மாடியை விட்டுப் போகும்போது அந்தக் குரல் முதுகுக்குப் பின்னால் அவர் காதில் விழுந்திருக்கும்! இல்லாத கலரை ஏன் எடுக்கச் சொல்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சேலை விற்கிற பெண்கள் வாயிலிருந்து வருவதைக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

நான் காவ்யாவைப் பார்த்தேன். கண்ணைத் திறந்திருந்தாள். நான் சொன்னால் போவது என் வேலை மட்டும் இல்லை. அவளுடைய தடைக்காலம், அவளுடைய பிரசவம். அவள் என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை, ஆனால் தெரிந்தது. சொல்லுக்கா.

"வாடாமல்லின்னா கலரு இல்லைங்கம்மா" என்றேன் மைக்கில். "முதலாளி மாடியில இல்ல, ஒரு நிமிஷம் ஒளிஞ்சு உக்காந்துக்கங்கன்னு அர்த்தம். பத்தொம்பது வருஷமா நாங்க உக்காந்ததெல்லாம் இந்த வார்த்தையிலதான். ஸ்டூலுன்னு எதுவும் கெடையாது. போட்டோ எடுத்துட்டுத் திரும்ப எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அதற்குமேல் மைக் வேலை செய்யவில்லை. யாரோ பிடுங்கிவிட்டார்கள். சிரித்த கூட்டம் இப்போது சிரிக்கவில்லை. பவுனம்மாள் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "அடப் பாவி" என்றாள், யாரைச் சொன்னாள் என்று கேட்க வேண்டிய தேவை இல்லாமல்.

எனக்கு அன்றைக்கு ராத்திரியே போன் வந்தது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று. காவ்யாவுக்குப் போன்கூட வரவில்லை. மூன்றாவது மாடித் தூணுக்குப் பின்னால் ஒரு கேமரா மாட்டிவிட்டார்கள் என்று தாமரைச்செல்வி சொன்னாள். அந்த மாடியில் இனி எந்தக் கலர் பெயரைச் சொன்னாலும் உட்கார முடியாது. அந்த நாற்பது பேருடைய ஒரே ஆஸ்தியை நான் மைக்கில் போட்டு உடைத்துவிட்டேன். இதற்கு அவர்கள் என்னைத் திட்டினாலும் சரிதான். ரெண்டு பேர் திட்டவும் செய்தார்கள்.

இவ்வளவும் நடந்து அவர் தோற்றார் என்று எழுத எனக்கு ஆசைதான். ஜெயித்துவிட்டார். நானூற்றுப் பதினோரு ஓட்டில். ஊரைக் குறை சொல்ல மாட்டேன் என்று நினைத்துக்கொள்கிறேன், பிறகு கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன்.

முடிவு வந்த மறுவாரம் திறந்த ஜீப்பில் நன்றி சொல்ல ஊர் ஊராக வந்தார். திருவேட்டக்குடிக்கு வருகிற அன்று நான் காவ்யா வீட்டில் இருந்தேன். தடைக்காலம். படகெல்லாம் கரையில். ஆண்களும் பெண்களும் ஊரிலேயே இருந்தார்கள். மேளச் சத்தம் கேட்டதும் வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தோம். காவ்யாவால் ரொம்ப நேரம் நிற்க முடியாது என்று ராஜா வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். ஜீப்பில் சிதம்பரநாதன் கை கூப்பி நின்றுகொண்டு வந்தார். பக்கத்தில் ஹரிஹரன், மைக்கோடு. வெள்ளைச் சட்டை, புதுத் துண்டு. தெருவில் பெண்கள் ரெண்டு பக்கமும் நின்றார்கள். ஒரு சிலர் ஆரத்தித் தட்டுகூட வைத்திருந்தார்கள்.

ஜீப் கோயில் முனை திரும்பியது. பவுனம்மாள் நடுத்தெருவுக்கு வந்தாள்.

"வாடாமல்லி ஒண்ணு எடுங்கடி" என்றாள்.

சொல்லிவிட்டு அவளே முதலில் உட்கார்ந்தாள், தார் ரோட்டில், காலை நீட்டி. பக்கத்தில் நின்ற அவள் மகள்கள் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு அடுத்தவர்கள். ஆரத்தித் தட்டு வைத்திருந்தவள் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அந்தக் கடையில் ஒருநாளும் வேலை பார்த்திராத பெண்கள். முனையிலிருந்து கடற்கரை வரைக்கும் தெரு முழுக்க உட்கார்ந்துவிட்டது. ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். ரோடு சுட்டது, எழவில்லை.

ஜீப் நின்றது. மேளம் நின்றது. ஹரிஹரன் மைக்கில், "வழி விடுங்க, எந்திரிங்க, எம்மெல்லே வந்திருக்காங்க" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. பவுனம்மாள் தலைமுடியை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டாள். ஜீப்பில் எல்லோரும் பார்க்க எங்கே உட்காருவது? கூப்பிய கையோடு சிதம்பரநாதன் நின்றார். அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார். நேரம் ஆக ஆக எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்ற ஆரம்பித்தார். அந்த மாற்றல் எனக்கு நன்றாகத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் அவர் கண் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்தது. அவர் வாய் திறக்கவில்லை, ஆனால் என்ன கேட்கிறார் என்று புரிந்தது. உட்காருவதற்கு ஒரு வார்த்தை இருந்தால் எழுந்திருப்பதற்கும் ஒன்று இருக்கத்தானே வேண்டும். இருந்தது. அதை நான் எந்த மைக்கிலும் சொல்லவில்லை. காவ்யாவுக்காகச் சொல்ல வேண்டிய நாளில் என் நாக்கில் அது வராமல் போயிற்று. இன்றைக்கு நாக்கு நுனியிலேயே இருந்தது.

நான் முட்டியைக் கட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வசதியாக உட்கார்ந்தேன்.